பேயே இல்லாத பேய்ப்படம்: காக்கா, எறும்பு, செடிகொடி மனுசன் மேல திரும்புற படம் இருந்தா சொல்லுங்க

தென்னந்தோப்பு (ஆனைமலை) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரெண்டு நாளா தூக்கம் சரியில்ல, அதான் இங்க வந்து கொட்டறேன். போன சனிக்கிழமை ராத்திரி தோட்டத்துச் சாளைல மோட்டார் போட்டுட்டு, கரண்டு எப்பப் போகுமோன்னு காவலுக்குப் படுத்திருந்தப்ப போன்ல ஹிட்ச்காக்கோட 'தி பேர்ட்ஸ்' பாத்தேன். 1963-ல வந்த படம், இது நம்மள என்ன பண்ணிரும்னு எகத்தாளமாத்தான் ஆரம்பிச்சேன். அதுல ஒரு எடம் வருதுங்க. ஸ்கூலுக்கு வெளிய ஒரு பெஞ்சுல அந்தப் பொண்ணு உக்காந்து சிகரெட் புடிச்சுட்டு இருக்கும், உள்ள புள்ளைங்க பாட்டுப் பாடிட்டு இருக்கும், அதுக்குப் பின்னால புள்ளைங்க ஏறி வெளையாடற இரும்புக் கம்பில ஒரு காக்கா வந்து உக்காரும். அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் ரெண்டு மூணு. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. கடேசியா வானத்துல ஒத்தக் காக்கா போறதப் பாத்து அது எங்க எறங்குதுன்னு தலையத் திருப்புனா கம்பி முச்சூடும் கருப்பா இருக்கும்.

காத்தால எந்திரிச்சு வெளிய வந்தா கட்டுத்தரை ஓட்டு மேல ஏழெட்டு காக்கா. தெனமும் உக்கார்ற காக்காதானுங்க, அமாவாசைக்கு அம்மா சோறு வச்சு கா கான்னு கூப்பிட்டா வர்ற அதே காக்கா. நான் வாசப்படிலயே நின்னுட்டேன். இத்தனைக்கும் நான் பயந்தாங்கொள்ளி இல்லீங்க, ஆனை வந்துட்டுப் போன தோப்புக்குள்ள விடியறதுக்கு முன்னாடி டார்ச்சு அடிச்சுட்டுப் போய் சாஞ்ச மரத்த எண்ணுனவன்.

இன்னொண்ணும் சொல்லணும். 2016-ல எங்க பொள்ளாச்சிப் பக்கந்தான் தென்னைல அந்தச் சுருள் வெள்ளை ஈய மொதல்ல கண்டுபுடிச்சாங்க, வெளிநாட்டுல இருந்து வந்த பூச்சி. ஓலைக்கு அடில சுருள் சுருளா வெள்ளையா முட்டை வைக்கும், அது விடற தேன் மாதிரிப் பிசின் கீழ் ஓலைல விழுந்து அது மேல கரும்பூசணம் புடிக்கும், தோப்பைப் பாத்தா கரிப்புகை அடிச்ச சமையக்கட்டு மாதிரி ஆயிரும். மஞ்சத்தாள்ல வெளக்கெண்ணெய் தடவித் தொங்கவுட்டோம், தண்ணியப் பீச்சி அடிச்சோம். அந்த ஈ கடிக்காது, கத்தாது, நம்மள ஏறெடுத்தும் பாக்காது. அந்தக் காக்கா சீன் பாத்தப்ப எனக்கு என்னமோ அந்த ஓலைதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. ஏன்னு சொல்லத் தெரியல.

இந்த மாதிரிப் படம் வேற என்ன இருக்குது? பேய், பில்லி சூனியம், பாம்புக்குள்ள செத்துப்போன பொண்ணு பூந்துக்கறது எல்லாம் வேண்டாம். ஊரையே மிதிக்கற ராட்சசப் பல்லியும் வேண்டாம். அப்புறம் தமிழ்ல ஏன் இப்படி யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க?

பழைய டாக்கீஸ் (ஈரோடு) எழுதுனது:

தம்பி, நல்ல படத்துல கைய வச்சிருக்கீங்க. அதுல ஒண்ணக் கவனிச்சீங்களா, படம் முச்சூடும் பின்னணி இசையே கெடையாது. நம்மூரு பேய்ப்படமா இருந்தா கதவு தொறக்கறதுக்கே நாப்பது வயலின் வாசிப்பாங்க. அதுல ரெக்கை அடிக்கற சத்தமும் கத்தற சத்தமுந்தான், அதுலயும் பாதி நெசப் பறவை சத்தம் இல்ல, ஜெர்மனிக்காரர் ஆஸ்கர் சாலா 'ட்ரவுட்டோனியம்'னு ஒரு மின்சார வாத்தியத்துல உண்டாக்குனது. காதுக்குப் பறவையாவும் இருக்கும், பறவை இல்லாத என்னமோவாவும் இருக்கும். உங்களுக்குத் தூக்கம் போனது அதனாலதான்னு நான் நெனைக்கறேன்.

கடேசில மாடி ரூம்ல அந்தப் பொண்ணு, டிப்பி ஹெட்ரன், மாட்டிக்கற சீனுக்கு பொம்மைப் பறவை வைப்போம்னு சொல்லிட்டு, அஞ்சு நாள் நெசப் பறவைய அந்தம்மா மேல எறிஞ்சு எறிஞ்சு எடுத்திருக்காங்க. கண்ணுக்குப் பக்கத்துலயே கீறிருச்சு. படத்தைக் கொண்டாடறவங்க இதையும் சேத்துச் சொல்லணும்.

மூலக்கதை டாஃப்னி து மாரியே எழுதுனது, 1952. அது சினிமா மாதிரி பணக்காரப் பொண்ணு கதை இல்ல கண்ணு. இங்கிலாந்துக் கடலோரத்துல பண்ணைல வேலை செய்யற ஒரு சாதாரண ஆளு, பொண்டாட்டி புள்ளைங்கள ஊட்டுக்குள்ள வச்சுப் பூட்டி சன்னலுக்கெல்லாம் பலகை அடிச்சுட்டு ரேடியோவக் கேட்டுட்டு உக்காந்திருப்பான், ஒரு கட்டத்துல ரேடியோவும் நின்னுரும். தோட்டத்துச் சாளைல தனியாப் படுக்கற ஆளு அதப் படிக்காம இருக்கறதே நல்லது.

இன்னொரு சமாச்சாரம். படம் வர்றதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி, 1961 ஆகஸ்ட்டுல, கலிஃபோர்னியாவுல கேப்பிட்டோலாங்கற கடலோர ஊர்ல ராத்திரி கூட்டங்கூட்டமா கடல்பறவைங்க வந்து ஊட்டு மேலயும் காரு மேலயும் மோதி விழுந்துச்சு. ஹிட்ச்காக்கே அந்த நியூஸக் கேட்டு வாங்கிப் படிச்சாரு. அம்பது வருசம் கழிச்சு, அந்தக் காலத்துல கடல்ல புடிச்சு வச்சிருந்த நுண்ணுயிருங்களச் சோதிச்சுப் பாத்தா, வெசம் உண்டாக்கற ஒரு வகைப் பாசி அதுக வயித்துல நெறைய. பாசியத் தின்ன மீனு, மீனைத் தின்ன பறவை, அது மூளைக்கு ஏறிருச்சு. அதாவது பறவைங்க நம்மளத் தாக்க வரல, வெசம் தலைக்கேறி வழி தெரியாம வந்து விழுந்திருக்குது.

கரும்பு லாரி எழுதுனது:

எங்க ஆசனூர்ப் பக்கம் ஆனை தாக்கறதெல்லாம் இல்லீங்ணா, செக்போஸ்ட் பக்கத்துல நின்னு லாரியத் தடுத்துக் கரும்பு வசூல் பண்ணிட்டு வழி வுடும். ரசீதுதான் தர்றதில்ல.

மழைக்காட்டு அக்கா (வால்பாறை) எழுதுனது:

தம்பி, நீங்க பாக்க வேண்டியது 'லாங் வீக்கெண்ட்'. ஆஸ்திரேலியாப் படம், 1978-ல வந்தது, 2008-ல திரும்பவும் எடுத்தாங்க, பழையதப் பாருங்க. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஆகாது, சரி பண்ணிக்கலாம்னு யாரும் வராத கடற்கரைக்கு டெண்ட் போடப் போவாங்க. போற வழில கங்காரு மேல வண்டிய ஏத்துவாங்க, சிகரெட்டை அணைக்காம வீசுவாங்க, சும்மா இருக்கற மரத்தக் கோடாலியால வெட்டுவாங்க, அந்தாளு தண்ணில எதையோ பாத்து பயந்து சுடுவான், பாத்தா அது பாவம் கடல்பசு. செத்துக் கரை ஒதுங்குன அந்தக் கடல்பசு ஒவ்வொரு தடவை பாக்கறப்பவும் டெண்டுக்குக் கொஞ்சம் கிட்ட வந்திருக்கும். அவ்வளவுதான். யாரும் தூக்கிட்டு வர மாட்டாங்க, அது அசையறதயும் காட்ட மாட்டாங்க.

எனக்கு அந்தப் புருசன் பொண்டாட்டியப் பாத்தா லீவு நாள்ல எங்க மேட்டுக்கு வர்ற கூட்டந்தான் ஞாபகம் வரும், நாப்பது கொண்டை ஊசி ஏறி வந்து ரோட்டோரத்துல பாட்டிலை ஒடச்சுப் போட்டுட்டு சிங்கவால் குரங்குக்கு சிப்ஸ் நீட்டிட்டு செல்ஃபி எடுத்துட்டுப் போறாங்களே, அவிங்கதான். படத்துல ஒரு கட்டத்துல எனக்கு அந்த ஜோடி மேல எரக்கமே வரல, அதுக்கு அப்புறம் என்மேலயே பயம் வந்துச்சு.

ஆனா ஒண்ணு. இங்க இருக்கற எங்களுக்கு இந்தப் 'பழிவாங்குது' கதையெல்லாம் கொஞ்சம் சிரிப்பாத்தான் இருக்கும். ஆனை வந்து ரேசன் கடைச் சொவத்த இடிக்குது, சத்துணவுக் கூடத்துக் கதவ ஒடைக்குதுன்னா, அரிசி வாசம் புடிச்சு வருது. நம்ம மேல அதுக்குக் கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது பாட்டன் காலத்துல இருந்து நடந்த வழில நாம தேயிலை வச்சிருக்கோம். எந்த எஸ்டேட்ல ஆனை நிக்குதுன்னு போனுக்கு மெசேஜ் வரும், செவப்பு லைட்டு எரியும், அதப் பாத்துட்டு நாங்க வேற வழில போவோம். சிறுத்தை அப்படி இல்ல. லைட்டும் கெடையாது மெசேஜும் கெடையாது. பொழுது சாஞ்சு தேயிலைச் செடிக்கு நடுவால வர்றப்ப பொடனில ஒரு குறுகுறுப்பு இருக்கும் பாருங்க, அது எந்தப் படத்துலயும் இல்ல. 'ஜாஸ்'ல மட்டும் கொஞ்சம் உண்டு. அதுலயும் அந்த மெசின் சுறா உப்புத்தண்ணில ரிப்பேர் ஆயி ரிப்பேர் ஆயி, வேற வழியில்லாம சுறாவக் காட்டாம எடுத்தாங்க, ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும் அது மூஞ்சியத் தெளிவாப் பாக்க. மெசின் ஒழுங்கா ஓடியிருந்தா படம் ஓடியிருக்காது!

அப்புறம் 'பேர்ட்ஸ்'ல ஓட்டல் சீன மறந்துட்டீங்களே. ஒரு அம்மா அந்தப் பொண்ணப் பாத்துக் கத்தும், நீ இந்த ஊருக்கு வந்தப்புறந்தான் இதெல்லாம் ஆரம்பிச்சுது, நீ யாரு என்னன்னு. கல்யாணம் ஆயி வந்த மொத வருசம் மழை இல்லாமப் போனதுக்கு நான் வாங்குன பேச்சு அப்படியே அதே பேச்சு. காரணம் தெரியலைன்னா புதுசா வந்தவ மேல போட்டுருவாங்க, அது கலிஃபோர்னியாவா இருந்தா என்ன கவுண்டம்பாளையமா இருந்தா என்ன.

நொய்யக்கரை (திருப்பூர் பக்கம்) எழுதுனது:

அக்கா சொன்ன ஆனைக்குக் கோவம் இல்லைங்கறது சரிதான், ஆனா தண்ணிக்கு உண்டுங்க. 'தி பே'ன்னு ஒரு படம், 2012, பேரி லெவின்சன் எடுத்தது, 'ரெயின் மேன்' எடுத்த அதே ஆளு. அமெரிக்காவுல செசபீக் வளைகுடான்னு ஒரு பெரிய கழிமுகம், அது கெட்டுப் போனதப் பத்தி டாக்குமெண்டரி எடுக்கத்தான் அவரக் கூப்பிட்டிருக்காங்க, அது ஏற்கனவே வேற ஆளுங்க நல்லா எடுத்துட்டாங்கன்னு இவரு அதையே பேய்ப்படமா எடுத்துட்டாரு. கதைல ஒரு சின்ன ஊரு, ஜூலை 4 திருநா, நம்ம மாரியாத்தா நோம்பி மாதிரி ஊரே கூடி நண்டு திங்கற போட்டி வச்சு ஆடிட்டு இருக்கும். கோழிப்பண்ணைக் கழிவு வருசக்கணக்கா தண்ணில கலந்ததுல ஒரு புழு மாதிரி ஒட்டுண்ணி கண்டபடி வளந்து மனுசன உள்ள இருந்து திங்க ஆரம்பிச்சுரும். எல்லாம் செல்போன்ல எடுத்தது, டிவிக்காரங்க எடுத்தது, போலீஸ் வண்டி கேமராவுல பதிஞ்சதுன்னு ஒட்டுப் போட்டுக் காட்டுவாங்க. அந்த ஒட்டுண்ணி வகை நெசமாவே இருக்குதுங்க, மீனோட செவுள் வழியா உள்ள போய் நாக்குல ரத்தத்த உறிஞ்சி நாக்கு கருகி விழுந்ததும் அதுவே நாக்கு மாதிரி அங்க உக்காந்துக்கும். மீனு அதோடயே குடும்பம் நடத்தும்.

கோழிப்பண்ணைன்னு சொன்னதும் பல்லடத்துக்காரன் சிரிக்க மாட்டான்.

எனக்கு அந்தப் படம் பேய்ப்படமாவே தெரியல. நொய்யல் எங்க தோட்டத்துல இருந்து கூப்பிடு தூரம். ஒரத்துப்பாளையம் அணை 1992-ல பாசனத்துக்குன்னு தொறந்தாங்க, அஞ்சாறு வருசத்துல அது சாயத்தண்ணி தேக்கி வைக்கற தொட்டியா ஆயிப்போச்சு. என்ற அப்பாரு கெணத்துத் தண்ணிய வாய்ல வச்சுட்டுத் துப்புனது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. ஆத்துல ஒரு நாள் நீலமா வரும், ஒரு நாள் செவப்பா வரும், அந்த சீசன்ல அமெரிக்காக்காரன் என்ன கலர் பனியன் போடறான்னு ஆத்தப் பாத்தே சொல்லிரலாம்னு ஊர்ல வெளையாட்டாப் பேசிக்குவோம். தண்ணியத் தொறந்து வுட்டாக் கீழ இருக்கற காட்டுக்காரனுக்குக் கேடு, தேக்கி வச்சா சுத்தி இருக்கறவனுக்குக் கேடு. 2011-ல ஐகோர்ட்டு சாயப்பட்டறை எல்லாத்தையும் மூடச் சொன்னப்ப அந்தப் பட்டறைல வேலை பாத்துட்டு இருந்ததே என்ற அண்ணந்தான். ஊட்டுக்குள்ளயே ரெண்டு கட்சி. எங்கப்பன் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம், அம்மா சோத்தப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிரும். 'தி பே'ல அந்த ஊரு மேயர் தண்ணி நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லிட்டே இருப்பான் பாருங்க, அவனப் பாத்து எனக்குக் கோவம் வரல, அவனுக்கும் ஊட்ல ரெண்டு கட்சி இருந்திருக்கும்னுதான் தோணுச்சு.

மக்காச்சோளம் (உடுமலை) எழுதுனது:

யாரும் 'தி ஹேப்பனிங்' சொல்லலையே? 2008, நம்ம மாகேல பொறந்த மனோஜ் நைட் சியாமளன் எடுத்தது. செடிகொடி மரமெல்லாம் காத்துல எதையோ வுடும், அத மோந்த மனுசனெல்லாம் தன்னத்தானே கொன்னுக்குவான். ஊரே கேலி பண்ணுன படம், எனக்குப் புடிக்கும்.

பழைய டாக்கீஸ் எழுதுனது:

அதுல ஹீரோ பிளாஸ்டிக் செடிகிட்ட நின்னு சமாதானம் பேசுவானே, அந்தப் படந்தானே? நான் தியேட்டர்ல சிரிச்சுப் பக்கத்து சீட்டுக்காரன் மொறைச்சான்.

மக்காச்சோளம் எழுதுனது:

சிரிங்க சிரிங்க. நடிப்பு மோசம், வசனம் அதவிட மோசம், ஒத்துக்கறேன். ஆனா செடி பேசும்ங்கறது நெசமுங்க. மக்காச்சோளத்தப் புழு கடிச்சா அந்த எலை ஒரு வாசத்த வுடும், அந்த வாசத்துக்கு ஒரு குளவி வரும், வந்து புழுவுக்குள்ள முட்டை வைக்கும், முட்டை பொரிஞ்சு புழுவ உள்ள இருந்து திங்கும். அதாவது செடி அடியாளக் கூப்பிடுது. புல்லு வெட்டுனா வருமே ஒரு வாசம், நாம அதப் போய் நல்ல வாசம்னு மூச்ச இழுத்துக்கறோம், அதும் அடிபட்ட புல்லு வுடறதுதான். இது தெரிஞ்சு அந்தப் படத்தப் பாருங்க, காத்துல புல்லுக்காடு அலை அலையாச் சாயற சீன் வர்றப்ப சிரிப்பு வராது.

2018-ல படைப்புழு வந்துச்சு. மொதல்ல கர்நாடகாவுல பாத்தாங்க, அந்த வருசமே நம்ம காட்டுக்கும் வந்துருச்சு. பேரே படை. குருத்துக்குள்ள பூந்துக்கும், மருந்தடிச்சா மேல அதோட எச்சம் மூடி மாதிரி அடைச்சுக்கும், மருந்து எறங்காது. காத்தால போய் குருத்த விரிச்சுப் பாத்தா மரத்தூள் மாதிரி இருக்கும், உள்ள ஒரு புழு தலைல வெள்ளையாத் தலைகீழா 'ஒய்' எழுத்து போட்டுட்டுப் படுத்திருக்கும். எனக்கு மூணு ஏக்கரா போச்சு. கடங்குடுத்த கடைக்காரர் ஒண்ணும் சொல்லல, அதுவே பெரிய பயம்.

அதனாலதான் எனக்கு 'ஃபேஸ் ஃபோர்' புடிச்சுது, 1974. சினிமா டைட்டில் டிசைன் பண்றதுல பெரிய கை சால் பாஸ், அவரு எடுத்த ஒரே முழுநீளப் படம். பாலைவனத்துல எறும்புங்க எல்லா வகையும் சண்டைய வுட்டுட்டு ஒட்டுக்கா சேந்துக்கும். நெச எறும்பக் கிட்டக் கிட்ட வச்சு எடுத்திருப்பாங்க, செத்த எறும்பயெல்லாம் வரிசையா அடுக்கி வைக்கற ஒரு சீன் இருக்குது, சுடுகாட்டுல நிக்கற மாதிரி இருக்கும். மெதுவாப் போகும், டீ ரெண்டு தடவை போட்டுக்கலாம்.

எறும்புன்னதும் ஞாபகம் வருது, 2022-ல நத்தம் கரந்தமலை அடிவாரத்துல மஞ்ச எறும்பு படையெடுத்து ஆடு மாட்டோட கண்ணுலயெல்லாம் ஏறி ஆசிட்ட பீச்சிடுச்சுன்னு நியூஸ்ல வந்துச்சே. மனுசங்களே இருந்த எடத்தக் காலி பண்ணிட்டு வந்தாங்க. அத எவனாவது படமா எடுத்தா சென்சார்ல 'நம்பற மாதிரி இல்ல'ன்னு சொல்லிருவாங்க.

பழைய டாக்கீஸ் எழுதுனது:

சரி, தமிழ்ல ஏன் இல்லைங்கற கேள்விய எல்லாரும் தாண்டிட்டீங்க. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அதுக்கு நம்மூர்க்காரரும் ஒரு காரணம். சாண்டோ சின்னப்பா தேவர், கோயமுத்தூர் ராமநாதபுரத்துக்காரர். தமிழ் சினிமால மிருகம்னாலே அவருதான். 1972-ல 'நல்ல நேரம்' எம்ஜிஆரோட ஆனை, 1974-ல 'வெள்ளிக்கிழமை விரதம்' பாம்பு, 1977-ல 'ஆட்டுக்கார அலமேலு' ஆடு. அந்த ஆட்டைப் பாக்க ஜனம் வண்டி கட்டிட்டு வந்தாங்க. அவரு படத்துல மிருகம் முருகன் அனுப்புன ஆளு மாதிரி. நல்லவனக் காப்பாத்தும், வில்லன முட்டும். அதுக்குப் பக்கத்துல 'நீயா' மாதிரி பழிவாங்கற பாம்பு, அதுலயும் பாம்புக்குப் பொண்ணு உருவம், காதல், கண்ணீரு எல்லாம் உண்டு. ஆக நம்ம மிருகத்துக்கு எப்பவும் ஒரு நியாயம் இருக்கும். நியாயம் இல்லாத காக்காவ நம்ம ஆளு ஏத்துக்க மாட்டான், ஏன்யா கொத்துது, அவன் என்ன பாவம் பண்ணுனான்னு எடைவேளைல கேப்பான்.

ஷங்கரோட '2.0' கிட்ட வந்துச்சு, 2018. செல்போன் டவரால குருவிங்க சாவுதுன்னு. ஆனா அதுலயும் கோவப்படறது குருவி இல்லையே, பக்சிராஜன்ங்கற மனுசன். அவனுக்கு ஃப்ளாஷ்பேக், அவனுக்குப் பாட்டு. குருவிங்க கூட்டத்துக்கு ஆளு சேத்தாப்ல வந்துட்டுப் போவும்.

மழைக்காட்டு அக்கா எழுதுனது:

மலையாளத்துல 'ஜல்லிக்கட்டு' பாருங்க, 2019. வெட்டக் கொண்டு வந்த எருமை அறுத்துட்டு ஓடிரும், ஊரே தொரத்தும். எருமை யார்கிட்டயும் திரும்பல, அது பாட்டுக்கு ஓடுது. அதப் புடிக்கப் போன ஆளுங்கதான் கொஞ்சங்கொஞ்சமா வேற என்னமோ ஆயிட்டு வருவாங்க. தம்பி கேட்ட வகைல சேராது, ஆனா பாத்தா ரெண்டு நாளைக்குக் கறி எறங்காது.

கரும்பு லாரி எழுதுனது:

மயில் படம் ஒண்ணு எடுங்ணா. தக்காளி நாத்து, நெலக்கடலை ஒண்ண வுடாது, தொரத்துனா தேசியப் பறவைம்பாங்க, முருகன் வண்டிம்பாங்க. வில்லன் மேல கைய வைக்கவே முடியாது. இதவிடப் பயங்கரமான கதை எந்த இங்கிலீசுக்காரன்கிட்ட இருக்குது?

தென்னந்தோப்பு எழுதுனது:

எல்லாருக்கும் நன்றிங்க. ஒரு வாரமா ராத்திரி ராத்திரி பாத்துட்டு இருக்கேன். 'லாங் வீக்கெண்ட்' பாத்தேன் அக்கா. அந்தக் கடல்பசு ரெண்டாவது தடவை வர்ற எடத்துல சரியா வாய்க்கால் பக்கம் ஒரு மயில் அகவுச்சு பாருங்க, போனைக் கட்டில் அடில போட்டுட்டேன், ஸ்க்ரீன்ல ஒரு கீறல். மக்காச்சோளம் அண்ணன் சொன்ன எறும்புப் படத்துல டீ மூணு தடவை போட்டேன்.

எனக்கு வெள்ளை ஈ ஏன் ஞாபகம் வந்துச்சுன்னு இப்பக் கொஞ்சம் புரியுதுங்க. அக்கா சொன்னாங்களே, ஆனைக்கு நம்ம மேல கோவம் இல்லைன்னு. கோவம் இருந்தா கும்புட்டாவது பாக்கலாம், ஒரு கெடா வெட்டலாம், மன்னிப்புக் கேக்கலாம். அந்தக் கம்பில உக்காந்திருக்கற காக்கா மூஞ்சில அப்படி ஒண்ணுமே இல்லீங்க. எங்க ஓலைக்கு அடில இருந்ததுலயும் இல்ல.

'தி பே'வும் நேத்துப் பாத்தேன். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, அம்மா ஆழியாறு டேம் மீனு வாங்கிட்டு வரச் சொன்னாங்க. கழுவி வச்ச மீன ஒண்ணொண்ணா எடுத்து வாயப் பொளந்து போன் லைட்டு அடிச்சுப் பாத்துட்டு இருந்தேன். அம்மா கொளம்புக்குப் புளி கரைச்சுட்டே பாத்துட்டு நின்னாங்க. "ஏஞ்சாமி, அதுக்குப் பல்வலியா?"ன்னு கேட்டாங்க.

நாலு மீனுக்கும் நாக்கு இருந்துச்சுங்க.